சேர்க்கையும் குடலும்: விலங்குகளின் கூட்டு வாழ்க்கை, அவற்றுக்குள் வாழும் பாக்டீரியா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் விலங்கியல் ஆசிரியை. பள்ளிகளிலும் நூலகங்களிலும் ஆடு மாடு வளர்ப்போர் கூட்டங்களிலும் இதைப் பற்றிப் பேசப் போகும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. நேரம் போதாமல் பாதிப் பதிலோடு திரும்பிய நாட்கள் நிறைய. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, முழுப் பதிலையும் இங்கே கொடுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

டீச்சர், உடம்புக்குள்ள பாக்டீரியா இருந்தா அது நோய்தானே?

இல்லை கண்ணா. நோய் கொண்டுவருபவை மிகச் சில. மற்றவை நாம் பிறந்த நாள் முதல் நம்மோடு குடியிருப்பவை. ஒரு சராசரி மனித உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் ஒரு கணக்கு வெளியானது. நம் சொந்த செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. "பாக்டீரியா பத்து மடங்கு அதிகம்" என்று பழைய புத்தகங்களில் இருப்பது தவறு. அத்தனை பாக்டீரியாவையும் ஒன்றாகச் சேர்த்து நிறுத்தால் கால் கிலோகூட வராது.

பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. நம்மால் செரிக்க முடியாத நாரை உடைக்கின்றன, சில வைட்டமின்களைச் செய்து தருகின்றன, எது சொந்தம் எது அந்நியம் என்று நம் எதிர்ப்பு சக்திக்குப் பழக்குகின்றன. இன்னொரு வேலையும் உண்டு: இடத்தை நிரப்பி வைப்பது. எல்லா இருக்கையிலும் ஆள் உட்கார்ந்திருக்கும் பேருந்தில் புதிதாக ஏறுபவருக்கு இடம் கிடைக்காது அல்லவா, அப்படி. கோழிக்குஞ்சு பற்றிய கேள்வியில் இது மறுபடி வரும்.

இதுக்கும் மிருகங்க கூட்டமா வாழ்றதுக்கும் என்ன சம்பந்தம்? கேட்கவே விசித்திரமா இருக்கே.

கண்ணின் நிறமும் காலின் நீளமும் தாய் தகப்பன் வழியாக வந்துவிடும். குடல் பாக்டீரியா அப்படி வருவதில்லை. சில பூச்சிகளில் முட்டை வழியாகவே பாக்டீரியா கடத்தப்படுவது உண்டு. ஆனால் பெரும்பாலான விலங்குகளின் குட்டி ஏறக்குறைய வெறும் குடலோடுதான் பிறக்கிறது. தலைமுறைதோறும் முதலிலிருந்து சேர்க்க வேண்டும்.

எங்கிருந்து சேர்ப்பது? மண், தண்ணீர், தீனி, இல்லாவிட்டால் இன்னொரு உடம்பு. குடலுக்குள் ஆக்ஸிஜன் கிடையாது. அங்கே வாழப் பழகிய பல பாக்டீரியாக்களுக்குக் காற்று பட்டாலே ஆபத்து. மண்ணில் விழுந்து அடுத்த ஆள் வரும்வரை அவை காத்திருக்க முடியாது. ஒரு உடம்பிலிருந்து அடுத்த உடம்புக்கு உடனே போய்ச் சேர வேண்டும். நக்குவது, ஊட்டுவது, ஒட்டிப் படுப்பது, பேன் பார்ப்பது, சாணத்தை மோந்து வாய் வைப்பது என்று நாம் பாசம் என்றோ பழக்கம் என்றோ பார்ப்பவை எல்லாம் பாக்டீரியாவுக்குப் பாதை.

எல்லா உயிருக்கும் கூட்டம் வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். ஹவாய்க் கடலில் தனியாகவே திரியும் ஒரு சின்னக் கணவாய், தன் உடம்பில் ஒளி உண்டாக்கும் பாக்டீரியாவைக் கடல்நீரிலிருந்தே பிடித்துக்கொள்கிறது. வளர்ந்த கணவாய் ஒவ்வொரு விடியலிலும் தன்னிடம் உள்ளதில் பெரும்பகுதியைக் கடலில் விட்டுவிடுகிறது. அடுத்து வரும் குஞ்சு அதே நீரிலிருந்து எடுத்துக்கொள்ளும். அங்கே கொடுக்கல் வாங்கல் கடல்நீர் வழியாக நடக்கிறது.

எளிமையா ஒரு உதாரணம் சொல்லுங்களேன்.

கரையான். மரத்துக்குள்ளேயே கூடு வைத்து வாழும் கரையான் வகைகள் சில உண்டு. தின்ற மரத்தைச் செரிக்க அவற்றின் சொந்த சாமர்த்தியம் மட்டும் போதாது. பின்குடலில் வாழும் ஒருசெல் உயிரிகளும், அவற்றின் உள்ளும் புறமும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்களும்தான் பெரும்பங்கு வேலையைச் செய்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் கிளீவ்லாந்து 1920களில் அந்த ஒருசெல் உயிரிகளை மட்டும் கொன்றுவிட்டுக் கரையான்களைக் கவனித்தார். அவை வழக்கம்போல மரத்தைத் தின்றன, தின்றுகொண்டே பட்டினியால் செத்தன. உயிரிகளைத் திரும்பக் குடலில் சேர்த்தபோது பிழைத்தன.

கரையான் தோலுரிக்கும்போது பின்குடலின் உள்ளுறையும் கழன்று, குடியிருந்த எல்லாம் அதோடு போய்விடும். அதன் பிறகு கூட்டாளி ஒன்றின் பின்புறத்திலிருந்து வரும் துளியை வாங்கிக் குடித்தால்தான் மறுபடி குடல் நிறையும். ஆயுளில் ஒரு முறை அல்ல, பல முறை இப்படி. தனியாக வாழும் கரையான் என்று ஒன்று ஏன் இருக்க முடியாது என்பது இதிலேயே புரிந்துவிடும். இந்தத் தேவைதான் கரையான்களைக் கூட்டமாக வாழ வைத்திருக்கலாம் என்று கிளீவ்லாந்து கருதினார். இன்று இதை மட்டுமே காரணமாக யாரும் சொல்வதில்லை. ஆனாலும் இந்தப் பொருளில் எனக்கு மிகவும் பிடித்த சிந்தனை இதுதான்.

வயல் ஓரத்து மண்புற்றைக் காட்டி "இதுதானா அது?" என்று கேட்பார்கள். நம் ஊர்ப் புற்றுகளில் பெரும்பாலானவற்றைக் கட்டுவது வேறு வகை. அவை புற்றுக்குள் பூஞ்சைத் தோட்டம் போட்டு, அதன் உதவியோடு சருகையும் மரத்தையும் உணவாக்குகின்றன. மழைக்குப் பின் நாம் பறித்துச் சமைக்கும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்தில் முளைத்ததுதான். அந்தக் கரையான்களின் குடலிலும் பாக்டீரியாக்கள் உண்டு, மேலே சொன்ன ஒருசெல் உயிரிகள் கிடையாது.

நான் தேனீப் பெட்டி வச்சிருக்கேன். புதுசா பொரிஞ்சு வர்ற ஈ மத்த ஈகிட்டேருந்து என்ன வாங்குது?

அடையின் மூடியைக் கடித்துத் திறந்து வெளியே வரும் இளந்தேனீயின் குடல் ஏறக்குறைய காலி. அடையை நக்கி, மூத்த தேனீக்களோடு உரசி, அவற்றின் எச்சம் பட்டு, சில நாட்களில் அது நிரம்பிவிடும். இத்தாலியத் தேனீயை எந்த நாட்டில் எடுத்துப் பார்த்தாலும் திரும்பத் திரும்ப அதே ஐந்து பாக்டீரியாக் குழுக்கள்தான் முதன்மையாக இருக்கின்றன. மார்த்தாண்டம் பக்கம் பெட்டியில் வளர்க்கும் நம் அடுக்குத் தேனீயிலும் அதே குழுக்கள் உண்டு, ஆனால் அதற்கென்று தனி வம்சம். ஒன்று குடல் சுவரில் ஒட்டி அங்கு வரும் ஆக்ஸிஜனை உறிஞ்சிக்கொள்கிறது. இன்னொன்று மகரந்தத்தின் கெட்டியான உறையை உடைக்க உதவுகிறது.

பெட்டி வைத்திருப்பவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்று உண்டு. "எதற்கும் இருக்கட்டும்" என்று நோய் இல்லாத பெட்டிக்கு ஆன்டிபயாடிக் கொடுக்காதீர்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நான்சி மோரன் குழுவினர் டெட்ராசைக்ளின் கொடுத்த தேனீக்களைத் திரும்பக் கூட்டில் விட்டுப் பார்த்தார்கள். மருந்து கொடுக்காதவற்றைவிட அவற்றில் உயிரோடு எஞ்சியவை குறைவு. 2017இல் இது வெளியானது. மருந்து நோய்க்கிருமியையும் குடியிருப்பவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

சுவிட்சர்லாந்தில் 2011இல் வந்த ஆய்வு இன்னும் நேரடியானது. பம்பிள் தேனீ என்ற ரோமம் அடர்ந்த குளிர்நாட்டுத் தேனீயின் குடலைத் தாக்கும் கிரிதீடியா என்ற ஒட்டுண்ணி உண்டு. பிறந்ததும் கூட்டாளிகளின் எச்சத்தோடு பழகிய தேனீக்கள் அதை நன்றாக எதிர்த்தன. அந்தப் பழக்கம் கிடைக்காதவற்றில் ஒட்டுண்ணி பெருகிவிட்டது. கூட்டாளியின் எச்சம் தடுப்பூசி போல வேலை செய்தது என்று சொல்லலாம், வழி மட்டும் வேறு.

குரங்கு பேன் பார்க்குது, கை முடியிலதானே இருக்கு? குடல்ல இருக்கிறது எப்படிப் போகும்?

பேன் பார்க்கும் குரங்கின் கையைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். ஒவ்வொரு சில நொடிக்கும் விரல் வாய்க்குப் போகும். முடியில் ஒட்டியிருப்பது பேன் மட்டுமல்ல, மலத்தின் நுண்ணிய துகள்களும்தான். அந்த வழியே போதும்.

கென்யாவில், கிளிமஞ்சாரோ மலைக்கு வடக்கே அம்போசெலி என்ற வெட்டவெளியில் பபூன் குரங்குகளை 1971 முதல் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். எது எதன் மகள், எது யாரோடு உட்காரும் என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு இருக்கிறது. 2015இல் ஜென்னி டங், எலிசபெத் ஆர்ச்சி உள்ளிட்ட குழுவினர் அங்கே இரண்டு கூட்டங்களைச் சேர்ந்த 48 குரங்குகளின் மலத்தை ஆராய்ந்தார்கள். ஒன்றுக்கொன்று அதிகம் பேன் பார்த்த குரங்குகளின் குடல் பாக்டீரியாக்கள் அதிகம் ஒத்திருந்தன. தீனி, ரத்த உறவு இரண்டையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த ஒற்றுமை நின்றது.

ஒரே காட்டுல ஒரே தீனி தின்னா ஒரே பாக்டீரியாதானே வரும்? உறவுதான் காரணம்னு எப்படிச் சொல்றீங்க?

நல்ல கேள்வி. கல்லூரி மாணவர்கள் முதலில் பிடிப்பது இதைத்தான், பிடிக்கவும் வேண்டும். சேர்ந்து இருப்பவர்கள் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், ஒரே மண்ணில் படுக்கிறார்கள், பல நேரம் சொந்தக்காரர்களாகவும் இருக்கிறார்கள். எது எதனால் என்று பிரிப்பது சிரமம்.

பிரித்துப் பார்க்கச் சில வழிகள் உண்டு. ஒன்று, இடம் மாறுபவரைக் கவனிப்பது. பபூன்களில் ஆண் வளர்ந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குப் போகும். புதுக் கூட்டத்தில் எவ்வளவு காலம் இருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் குடல் அந்தக் கூட்டத்தாரின் குடலைப் போல ஆகிறது. இன்னொன்று, காலத்தைக் கவனிப்பது. தான்சானியாவின் கோம்பேயில் சிம்பன்சிகள் மழைக்காலத்தில் அதிகம் கூடிப் பழகும். அப்படிப் பழகும் காலத்தில் ஒவ்வொன்றின் குடலிலும் பாக்டீரியா வகைகள் கூடுவதாக 2016இல் எழுதினார்கள். மழைக்காலத்தில் தீனியும் மாறும் என்பதால் இதை மட்டும் வைத்து நான் வாதாட மாட்டேன்.

என்னைத் திருப்திப்படுத்தியது இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு அருகே வைத்தம் காட்டில் அவுரா ரவுலோ குழுவினர் செய்த வேலை. காட்டெலிகளின் தோலுக்கடியில் சின்னச் சில்லு வைத்து, எந்த எலி எந்த எலியோடு ஒரே நேரத்தில் வந்தது, எது தனியாக அதே இடத்துக்கு வந்துபோனது என்று கருவிகளால் பதிவு செய்தார்கள். 2024இல் வந்த முடிவு இது: ஆக்ஸிஜன் பட்டால் தாங்காத பாக்டீரியாக்கள் சேர்ந்து பழகிய எலிகளுக்கிடையே பகிரப்பட்டன. காற்றைத் தாங்கக்கூடியவை ஒரே இடத்தில் நடமாடிய எலிகளுக்கிடையே பகிரப்பட்டன. இரண்டாவது பதிலில் சொன்ன "காத்திருக்க முடியாது" என்ற காரணம் காட்டில் அப்படியே பதிவாகி நிற்கிறது. தீனி ஒன்றுதான் காரணம் என்றால் இந்த வேறுபாடு வரக் காரணமே இல்லை.

அம்மாகிட்டேருந்து வர்றது போதாதா? கூட்டம் எதுக்கு?

தாய்தான் முதல் வழி. ஆஸ்திரேலியாவில் மரத்தில் வாழும் கோவாலா என்ற விலங்கில், தாய் தன் குட்டிக்கு வழக்கமான புழுக்கையைவிட வேறான, கூழ் போன்ற ஒன்றைச் சில நாட்கள் தரும். யூகலிப்டஸ் இலையைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் அதில் இருக்கின்றன. யானைக்குட்டி சாணத்தைத் துதிக்கையால் எடுத்து வாயில் வைப்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. அது பசிக் கொடுமை அல்ல, குட்டிக்கு வேண்டியதுதான்.

ஆனால் தாயின் பங்கு நாளடைவில் குறைகிறது. மனிதர்களில் பல நாடுகளின் 9,000க்கும் மேற்பட்ட மாதிரிகளை வைத்து 2023இல் கணக்கிட்டார்கள். முதல் ஆண்டில் தாயும் குழந்தையும் ஒப்பிடக்கூடிய குடல் பாக்டீரியா வம்சங்களில், அதாவது ஒரே வகைக்குள் இருக்கும் கிளைகளில், பாதியளவு பொதுவாக இருந்தன. வயது ஏற ஏற அது இறங்கியது. ஒரே வீட்டில் இருப்பவர்களிடையே குடல் வம்சங்களில் சுமார் 12 சதவீதமும் வாய் வம்சங்களில் சுமார் 32 சதவீதமும் பொதுவாக இருந்தன. தாய் தொடங்கி வைக்கிறாள், மிச்சத்தைக் கூட இருப்பவர்கள் போட்டு நிரப்புகிறார்கள்.

கன்னுக்குட்டியைப் பொறந்ததும் பிரிச்சுத் தனியா கட்டிட்டா ஏதாவது குறையுமா, டீச்சர்? சவுண்டல் தழை கொடுக்கலாமா?

ஆடு மாடு வளர்ப்போர் கூட்டத்தில் இந்த இரண்டு கேள்வியும் சேர்ந்தேதான் வரும். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது கேட்பவர்களுக்கே ஆச்சரியம்.

அசைபோடும் விலங்கின் முதல் வயிறு ஒரு பெரிய புளிக்கவைக்கும் பானை. உள்ளே பாக்டீரியாக்களும் ஒருசெல் உயிரிகளும் தீனியை நொதிக்க வைக்கின்றன. பாக்டீரியாக்கள் பல வழிகளில் கன்றுக்கு வந்துவிடும். ஒருசெல் உயிரிகள் மட்டும் பெரிய மாட்டின் எச்சில் வழியாகவே வரும்: தாய் நக்க வேண்டும், இல்லை பெரிய மாடு வாய் வைத்த தீனியிலோ தண்ணீரிலோ கன்றும் வாய் வைக்க வேண்டும். பெரிய மாடுகளிடமிருந்து முற்றிலும் விலக்கி வளர்த்த கன்றுக்கு அவை இல்லாமலே போகும். கன்று அதனால் சாகாது, ஆனால் அதன் வயிற்றில் நடக்கும் வேலை வேறு மாதிரி இருக்கும். அதே சமயம் ஜோனிஸ் (தீராத கழிச்சல்) போன்ற நோய்களும் சாணம் வழியாக இளங்கன்றுக்கே எளிதாகத் தொற்றும். ஆகவே சீம்பாலைக் காலத்தோடு கொடுங்கள், ஆரோக்கியமான தாய் நக்கட்டும், நோய் உள்ள மாட்டின் சாணம் கன்றின் பக்கம் வராமல் பாருங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கன்றைப் பிரித்துக் கட்டுங்கள்.

இனி சவுண்டல், அதாவது சூபாபுல். அதன் தழையில் மிமோசின் என்ற பொருள் இருக்கிறது. அது வயிற்றில் உடைந்து தைராய்டைக் கெடுக்கும் இன்னொரு நஞ்சாக மாறும். ஆஸ்திரேலியாவில் இந்தத் தழையை அதிகம் தின்ற மாடுகளுக்கு முடி கொட்டியது, தைராய்டு வீங்கியது, எடை குறைந்தது. அங்கே ஆய்வாளராக இருந்த ரேமண்ட் ஜோன்ஸ், ஹவாயில் ஆடுகள் அதே தழையைத் தின்று நன்றாகவே இருப்பதைக் கவனித்தார். ஆட்டின் வயிற்றில் இருக்கும் ஏதோ ஒன்று நஞ்சை உடைக்கிறது என்று சந்தேகித்தார். 1980களில் ஹவாய் ஆட்டின் வயிற்றிலிருந்து எடுத்த பாக்டீரியாக்களை ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குக் கொடுத்தார்கள், நஞ்சு உடைந்தது. மந்தையில் ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சிலவற்றுக்குக் கொடுத்தால் கூட மேய்ந்தவற்றுக்கும் அந்தத் திறன் பரவியது. 1992இல் அந்த பாக்டீரியாவுக்கு சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று அவர் பெயரையே வைத்தார்கள். நச்சுத் தழையைத் தின்னும் திறன் மந்தைக்குள் பழக்கத்தால் பரவும் சொத்து என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை எனக்குத் தெரியாது. உங்கள் ஆட்டின் வயிற்றில் அது இருக்கிறதா என்று பார்த்து அறிய முடியாது என்பதால், சவுண்டலை மற்றத் தீவனத்தோடு கலந்து அளவாகக் கொடுங்கள்.

பொரிப்பகத்துல வர்ற கோழிக்குஞ்சு தாயையே பார்க்கிறதில்லையே?

ஆமாம், அதன் விலையும் உண்டு. தாய்க்கோழியோடு கிளறித் திரியும் குஞ்சு அதன் எச்சத்தைக் கொத்தி முதல் சில நாட்களிலேயே குடலை நிரப்பிக்கொள்ளும். இயந்திரத்தில் பொரிந்த குஞ்சின் குடலில் இருக்கைகள் காலி. அங்கே சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி முதலில் ஏறினால் அதை எழுப்ப ஆள் இல்லை. பின்லாந்தைச் சேர்ந்த நுர்மியும் ரன்டாலாவும் 1973இல், ஆரோக்கியமான வளர்ந்த கோழியின் குடலில் இருந்ததை ஒரு நாள் குஞ்சுகளுக்குக் கொடுத்து அந்தத் தொற்றைப் பெரிதும் தடுத்தார்கள். அந்த வழியில் உருவான தயாரிப்புகள் இன்று கோழிப்பண்ணைகளில் இருக்கின்றன.

பாக்டீரியாதான் மிருகங்க பேசுற மொழியாமே? ஒரு வீடியோல பார்த்தேன்.

மொழி என்பது மிகை. வாசனை என்றால் ஒப்புக்கொள்வேன்.

கழுதைப்புலியின் மலவாய்க்கு அருகே ஒரு பை உண்டு. அதிலிருந்து வரும் பசையைப் புல் தண்டுகளில் தேய்த்துவிட்டுப் போகும். பின்னால் வருபவை மோந்து பார்க்கும். அந்தப் பைக்குள் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து வாசனை தருகின்றன. புள்ளிக் கழுதைப்புலி, வரிக் கழுதைப்புலி இரண்டின் பசையையும் கெவின் தீஸ் குழுவினர் கென்யாவில் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். பாக்டீரியாக் கூட்டம் எப்படி வேறுபடுகிறதோ அப்படியே வாசனையும் வேறுபட்டது, இனத்துக்கு இனம், புள்ளிக் கழுதைப்புலியில் ஆணுக்கும் பெண்ணுக்கும்கூட. வரிக் கழுதைப்புலி நம் மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் வாழும் விலங்குதான். கீரியின் வாசனைப் பையில் பாக்டீரியாக்கள் இப்படி அமிலங்கள் செய்வதை 1974லேயே எழுதிவிட்டார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: கழுதைப்புலி ஆய்வில் கண்டது பொருத்தம் மட்டுமே. பாக்டீரியாவை நீக்கி, வாசனை மாறுகிறதா என்று பார்க்கவில்லை.

அப்படி நீக்கிப் பார்த்தது வெட்டுக்கிளியில். பாலைவன வெட்டுக்கிளிகள் கூட்டமாகச் சேர்வதற்கு உதவும் வாசனைப் பொருள்களில் குவையகால் ஒன்று. கிருமியே இல்லாமல் வளர்த்த வெட்டுக்கிளியின் எச்சத்தில் அது இல்லை, குடல் பாக்டீரியா சேர்ந்ததும் வந்தது. 2000இல் வெளியான ஆய்வு இது. தேனீயிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. வாசலில் காவல் நிற்கும் தேனீ "நம்ம ஆளா" என்று மோந்துதான் முடிவு செய்யும். உடம்பின் மேல்பூச்சு வாசனை உருவாவதில் குடல் பாக்டீரியாவுக்குப் பங்கு இருப்பதாக 2020இல் காட்டினார்கள்.

அப்போ நாம யாரோட பழகணும்னு பாக்டீரியாதான் முடிவு பண்ணுதா?

பாக்டீரியா இல்லாவிட்டால் பழக்கவழக்கம் மாறுகிறது என்பது உண்மை. கிருமியே படாமல் வளர்த்த எலிகளுக்கு மன அழுத்தம் வந்தால் அதற்கான ஹார்மோன் மிகையாகச் சுரப்பதை ஜப்பானில் நொபுயுகி சுதோ குழுவினர் 2004இல் காட்டினார்கள். ஒரு வகை பிஃபிடோபாக்டீரியத்தைக் கொடுத்தபோது அது சீரானது. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் செய்து 2021இல் வெளியான ஆய்வில், குடல் பாக்டீரியா இல்லாத எலிகள் புது எலியை நெருங்கிப் பழகவில்லை. ஒரே ஒரு வகை பாக்டீரியாவைத் திரும்பச் சேர்த்ததும் அழுத்த ஹார்மோன் இறங்கியது, பழகுவது கூடியது. பாக்டீரியா உள்ள தேனீக்கள் இல்லாதவற்றைவிட அதிகம் தலையோடு தலை சேர்ந்து பழகுவதாகவும் 2022இல் எழுதியிருக்கிறார்கள்.

இதிலிருந்து "தாம் பரவுவதற்காக பாக்டீரியா நம்மை ஆட்டி வைக்கிறது" என்று தாவுவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரே குடலில் நூற்றுக்கணக்கான வகைகள் போட்டியிடுகின்றன. ஒரு வகை தன் சக்தியைச் செலவழித்து நம்மைப் பழக வைத்தால், செலவே செய்யாத மற்றவையும் அதே பாதையில் பரவும். செலவு செய்தது தோற்றுப்போகும். கெவின் ஃபாஸ்டரும் அவர் சகாவும் 2018இல் எழுதிய இந்த வாதம் எனக்குச் சரியாகப் படுகிறது. பாக்டீரியா தன் பாட்டுக்குச் செய்யும் பொருள்கள் நம் நரம்பை எட்டுகின்றன, அவற்றை நம்பிப் பழகிய உடம்பு அவை இல்லாதபோது தடுமாறுகிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரே தீனியில் வளர்ந்த பழ ஈக்கள் தங்களுக்குள்ளேயே துணை தேடுவதற்கு பாக்டீரியாதான் காரணம் என்று 2010இல் ஒரு ஆய்வு வந்து பெரிதாகப் பேசப்பட்டது. வேறொரு குழு அதே சோதனையைத் திரும்பச் செய்து அந்த முடிவு கிடைக்கவில்லை என்று 2017இல் வெளியிட்டது. முதலாவதைச் சொன்னவர்களில் பலர் இரண்டாவதைச் சொல்வதில்லை.

கூட்டமா இருந்தா நோயும்தானே பரவும்? அப்புறம் என்ன லாபம்?

இரண்டும் ஒரே பாதையில்தான் வருகின்றன, பிரிக்க முடியாது. கூட்டமாக வாழ்வதன் கெடுதல் என்று பாடப்புத்தகத்தில் நோயை எழுதுவோம். நன்மைப் பட்டியலில் நல்ல பாக்டீரியாவை எழுத மறந்துவிட்டோம் என்று மைக்கேல் லொம்பார்டோ 2008இல் எடுத்துச் சொன்னார். பம்பிள் தேனீயை நினைத்துப் பாருங்கள்: ஒட்டுண்ணி கூட்டாளியின் எச்சம் வழியாகத்தான் வருகிறது, காப்பும் அதே எச்சம் வழியாகத்தான் வருகிறது. அமெரிக்கக் கண்டத்து ஆமை எறும்புகள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. இளம் எறும்பு மூத்ததன் துளியைக் குடித்துக் குடலை நிரப்பிக்கொண்டதும், குடல் வாயிலில் மிக நுண்ணிய வடிகட்டி ஒன்று உருவாகி, பின்னர் வரும் பாக்டீரியாவுக்கு வழியை அடைத்துவிடுகிறது.

புருஷன் பொண்டாட்டிக்கு ஒரே பாக்டீரியாவா? வீட்டு நாய்க்கும் நமக்கும்?

ஒரே அல்ல, அந்நியரைவிட அதிகம் ஒத்தவை. அமெரிக்காவில் 60 குடும்பங்களைப் பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வில் ஒரே வீட்டார் அதிகம் ஒத்திருந்தார்கள், எல்லாவற்றையும்விடத் தோலில். நாய் வளர்ப்பவர்கள் தங்கள் நாயோடும் தோல் பாக்டீரியாவைப் பகிர்ந்திருந்தார்கள். ஹோண்டுராஸ் நாட்டில் 18 கிராமங்களில் நட்பு வட்டத்தை வரைந்து பார்த்தபோது, வேறு வேறு வீட்டில் இருக்கும் நண்பர்களிடமும் குடல் பாக்டீரியா வம்சங்கள் பொதுவாக இருப்பது தெரிந்தது. இது 2024இல் வந்தது. பபூனிடம் கண்டது நம்மிடமும் இருக்கிறது என்று படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

என் பையனுக்கு ஆட்டிசம். குடல் பாக்டீரியாவை மாத்தினா சரியாயிடும்னு ஒருத்தர் பவுடர் தர்றார். வாங்கலாமா?

வேண்டாம் அம்மா. இந்தக் கேள்வியைக் கேட்கும் தாய்மார்களின் முகம் எனக்கு மறப்பதில்லை, அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

அவர்கள் காட்டுவது பெரும்பாலும் எலி ஆய்வு. 2016இல் ஹியூஸ்டனில், கொழுப்பு மிகுந்த தீனி தின்ற தாய் எலிகளின் குட்டிகள் சரியாகப் பழகாமல் இருந்தபோது, லாக்டோபாசில்லஸ் என்ற பாக்டீரியாவில் ஒரு வகையைக் கொடுத்ததும் பழகின. எலி ஆய்வாக அது முக்கியமானது. ஆனால் பிள்ளை எலி அல்ல. ஆஸ்திரேலியாவில் 247 பிள்ளைகளை வைத்து 2021இல் வெளியான ஆய்வு காரணத்தைத் திருப்பிப் பார்க்கச் சொன்னது: ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சில உணவுகளை மட்டுமே விரும்பிச் சாப்பிடுகிறார்கள், உணவு வகை சுருங்குவதால் பாக்டீரியா வகையும் சுருங்குகிறது. பிள்ளைக்கு மலச்சிக்கலோ வயிற்றுவலியோ இருந்தால் அதை மருத்துவரிடம் காட்டி வைத்தியம் செய்யுங்கள். அந்தப் பவுடருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

மிருகக்காட்சிசாலையில தனியா வளர்ற குரங்குக்கு இதெல்லாம் கிடைக்காதே?

முழுதாகக் கிடைப்பதில்லை. நம் மந்திகளின் உறவான டூக் லங்கூர் என்ற வியட்நாம் குரங்கையும், மத்திய அமெரிக்காவின் ஊளைக் குரங்கையும் காட்டிலும் அடைப்பிலும் ஒப்பிட்டு 2016இல் எழுதினார்கள். அடைப்பில் இருந்தவை தங்கள் காட்டு பாக்டீரியாக்களில் பலவற்றை இழந்திருந்தன, மனிதக் குடலில் அதிகம் காணும் வகைகள் அங்கே பெருகியிருந்தன. இதில் தீனி மாறியது பெரிய காரணம். சேர்க்கை மாறியதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பக்கத்தில் அதன் இனத்தார் சிலரே, பராமரிக்கும் மனிதர்கள் பலர்.

இழந்ததைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

கோவாலாவில் முயன்று பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவின் கேப் ஓட்வேயில் 2013 வாக்கில் கோவாலாக்கள் பெருகி, தாம் விரும்பித் தின்னும் மன்னா கம் என்ற யூகலிப்டஸ் மரங்களை மொட்டையடித்துவிட்டன. பக்கத்திலேயே மெஸ்மேட் என்ற இன்னொரு யூகலிப்டஸ் தழைத்து நின்றது. அதைத் தின்னும் கோவாலாக்களும் அதே பகுதியில் இருந்தன. ஆனால் மன்னா கம் தின்று பழகியவற்றில் பல, மெஸ்மேட் இலையைத் தொடாமலே பட்டினியில் செத்தன.

பிறகு மைக்கேலா பிளைட்டன், பென் மூர் குழுவினர் மன்னா கம் தின்னும் 12 கோவாலாக்களைப் பிடித்து வந்து, ஆறுக்கு மெஸ்மேட் தின்பவற்றின் புழுக்கையிலிருந்து செய்த குளிகைகளையும், மற்ற ஆறுக்கு மன்னா கம் தின்பவற்றின் புழுக்கையிலிருந்து செய்ததையும் கொடுத்தார்கள். 2019இல் முடிவு வந்தது. முதல் ஆறின் குடல் பாக்டீரியாக்கள் மாறின. எதன் குடல் அதிகம் மாறியதோ அது மெஸ்மேட் இலையை அதிகம் தின்றது.